ஒரே தெருவுக்கு மூன்று தடவை: படித்துக்கொண்டே சென்னையைச் சுற்றி எழுத ஒரு முழு வழிகாட்டி

காலேஜ் சேர்ந்த முதல் வருடம் நான் எழுதிய முதல் கட்டுரைக்குத் தலைப்பு "சென்னையில் பார்க்க வேண்டிய 10 இடங்கள்". அந்தப் பத்தில் நான்கை நான் பார்த்ததே கிடையாது. திருவல்லிக்கேணி மேன்ஷனில் என்னோடு ஒரே அறையில் இருந்த தேனிக்கார அண்ணன் அதைப் படித்துவிட்டு ஒரு கேள்விதான் கேட்டார். "ஏண்டா, லைட் ஹவுஸ் மேல ஏறியிருக்கியா?" இல்லை. "சரி, மேல போக லிஃப்ட் இருக்கா, படியா?" தெரியாது. எங்கள் அறையிலிருந்து கடற்கரையோரமாக நடந்தே போய்விடலாம், அவ்வளவுதான் தூரம். லிஃப்ட் இருக்கிறது என்பதை அடுத்த வாரம் போய்த்தான் தெரிந்துகொண்டேன். அந்தக் கட்டுரையை அன்றைக்கே தூக்கிப் போட்டாச்சு. இப்போது மூன்றாம் வருடம். நடுவில் ஓர் அரியர் வைத்தேன், இரண்டு ஜோடி செருப்பு தேய்ந்தது. ஊர் சுற்றி எழுதுவது பற்றி ஜூனியர் பசங்க கேட்டுக்கொண்டே இருப்பதால் தெரிந்ததை எல்லாம் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

முதலில் இடம்

எடுத்த எடுப்பிலேயே மகாபலிபுரம் போகாதீர்கள். தங்கியிருக்கும் இடத்திலிருந்து நடந்து போகக்கூடிய ஒரு தெருவை எடுத்துக்கொண்டு, அதற்கு மூன்று தடவை போங்கள். விடியற்காலையில் ஒரு தடவை, கடைகளில் கூட்டம் நெரியும் சாயங்காலம் ஒரு தடவை, ஏதாவது விசேஷ நாளில் ஒரு தடவை. முதல் தடவை எல்லோர் கண்ணிலும் படுவதுதான் உங்கள் கண்ணிலும் படும். மூன்றாவது தடவைக்குள் டீக்கடைக்காரர் "இன்னா தம்பி, மறுபடியுமா?" என்று கேட்டிருப்பார். எழுத வேண்டிய விஷயம் அதற்குப் பிறகுதான் கிடைக்க ஆரம்பிக்கும்.

என் உதாரணத்தையே சொல்கிறேன். திருவல்லிக்கேணியில் அரை மணி நேர நடைக்குள் பார்த்தசாரதி கோயில், துளசிங்கப் பெருமாள் கோயில் தெருவில் பாரதியார் இருந்த வீடு, 1795ல் கட்டிய வாலாஜா பெரிய மசூதி, ஆற்காடு நவாப் 1768ல் கட்டிய சேப்பாக்கம் அரண்மனை, கடற்கரைச் சாலையில் ஐஸ் ஹவுஸ் என்று அத்தனையும் இருக்கின்றன. பெரிய மசூதியை இரண்டு தடவை வெளியிலிருந்து பார்த்துவிட்டு "கருங்கல் கட்டடம், அமைதியான இடம்" என்று நோட்டில் எழுதியிருந்தேன். மூன்றாவது தடவை போனது ரம்ஜான் மாதத்தில் ஒரு சாயங்காலம். நோன்பு திறக்க வந்தவர்கள் வரிசையாக உட்கார்ந்திருக்க, தலையில் குல்லா வைத்துக்கொண்டு பம்பரமாகச் சுழன்று சாப்பாடு பரிமாறிக்கொண்டிருந்தவர்கள் முஸ்லிம்கள் இல்லை, மயிலாப்பூரிலிருந்து வரும் சிந்தி இந்துக்கள். பிரிவினையின்போது சிந்துவிலிருந்து இங்கே வந்து சேர்ந்த ஒருவர் தொடங்கிவைத்த சூஃபிதார் என்ற அமைப்பின் தொண்டர்கள், பல பத்தாண்டுகளாக இதைச் செய்து வருகிறார்கள். இரண்டு வருடமாக அதே தெருவில் சோறு தின்கிற எனக்கு இது தெரியாது. நோட்டில் இருந்த "அமைதியான இடம்" என்ற வரியைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது.

காசும் பஸ்ஸும்

மாணவர்களிடம் காசு கிடையாது, நேரம் உண்டு. இந்த வேலைக்கு அது நல்லதுதான். காரில் போகிறவருக்கு ஜெமினி வெறும் ஒரு மேம்பாலம். 29சி பஸ்ஸில் ஜன்னலோரத்தில் உட்கார்ந்து போகிறவருக்கு மட்டும்தான் புரசைவாக்கத்தில் ஏறிய துணிக்கடைப் பை எத்தனை பேர் மடி மாறி மயிலாப்பூரில் இறங்குகிறது என்று தெரியும். முதல் பயிற்சியாக ஏதாவது ஒரு தடத்தை முனையிலிருந்து முனை வரை போய்ப் பாருங்கள். 29சி நல்ல தேர்வு, பெரம்பூரில் ஏறினால் பெசன்ட் நகர் கடற்கரையில் இறக்கிவிடும், நடுவில் ஊரின் பாதி வந்துவிடும். மாநகரப் பேருந்தில் மாதம் 1000 ரூபாய் பாஸ் வாங்கினால் எத்தனை தடவை வேண்டுமானாலும் ஏறி இறங்கலாம். பெண்களுக்கு 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் டிக்கெட்டுக்குக் காசே கிடையாது. என் வகுப்புத் தோழி ஒருத்தி இந்தச் சலுகையை வைத்தே திருவொற்றியூரிலிருந்து தாம்பரம் வரை அலசிவிட்டாள், எனக்கு இன்னமும் பொறாமை. மேம்பால ரயிலையும் விடாதீர்கள். வீடுகளின் மொட்டை மாடிகளை மேலிருந்து பார்க்க அதை விட மலிவான வழி கிடையாது: வடாம், கொடியில் வேட்டி, டியூஷன் எடுக்கிற அம்மா, பட்டம் விட்டு மாட்டிக்கொண்ட பையன்.

கண்டக்டர் கூவுகிற பெயர்களைக் காது கொடுத்துக் கேளுங்கள். ஜெமினி ஸ்டூடியோ இடிந்து எத்தனையோ காலம் ஆகிறது, 1973ல் திறந்த பாலத்துக்கு அண்ணா பெயர் வைத்தும் ஆயிற்று, ஆனாலும் "ஜெமினி இறங்கு" என்றுதான் குரல் வரும். மூர் மார்க்கெட் 1985ல் எரிந்து போனது, புறநகர் ரயில் ஏறப் போகிறவர்கள் இன்னும் மூர் மார்க்கெட் காம்ப்ளெக்ஸ் என்றுதான் சொல்கிறார்கள். காய்கறி மொத்த வியாபாரம் 1996ல் கோயம்பேட்டுக்குப் போய்விட்டது, கொத்தவால் சாவடி அங்கேயே இருக்கிறது. தங்கசாலையில் நாணயம் அடிப்பதில்லை. ஐஸ் ஹவுஸில் ஐஸ் இல்லை. அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமித்து வைக்க 1842ல் கட்டிய கிடங்கு அது. 1897ல் விவேகானந்தர் அங்கே 9 நாள் தங்கினார், அதனால் விவேகானந்தர் இல்லம் ஆனது. ஆட்டோக்காரரிடம் விவேகானந்தர் இல்லம் என்று சொல்லிப் பாருங்கள், "ஐஸ் ஹவுஸா?" என்று திருப்பிக் கேட்பார். இந்த ஊரில் பாதி விலாசம் இப்போது இல்லாத பொருளின் பெயரில் இருக்கிறது. ஒரு தடத்தில் இப்படி எத்தனை பெயர் வருகிறது என்று எண்ணிக்கொண்டு வந்தாலே ஒரு கட்டுரை ஆகிவிடும், நான் எழுதிவிட்டேன், இருந்தாலும் நீங்களும் எழுதலாம்.

எப்போது போவது

இதில் நான் பட்ட அடி அதிகம். எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. வெள்ளிக்கிழமைதான் எனக்கு மத்தியானத்துக்கு மேல் வகுப்பு இல்லாத நாள், ஆகவே பூட்டிய கேட்டை இரண்டு தடவை பார்த்தேன். செப்புத் திருமேனிகளைப் பார்க்க மூன்றாவது தடவை வேண்டியிருந்தது. காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்கு முதலில் போனது மே மாதம். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. மீன் இனம் பெருக வேண்டும் என்பதற்கான காலம் அது. படகெல்லாம் நெருக்கியடித்து நின்றுகொண்டிருக்க, நான் மட்டும் நான்கு மணிக்கு அலாரம் வைத்து எழுந்து போய் நின்றேன். வலை தைத்துக்கொண்டிருந்த ஒருவர் "ஏலம் பாக்க வந்தியா? ஜூன்ல வா" என்று சிரித்தார். திரும்பியிருக்கலாம், ஆனால் பஸ் வர நேரமிருந்தது. பக்கத்தில் உட்கார்ந்தேன். கிழிந்த கண்ணியை அவர் கால் கட்டை விரலில் மாட்டி இழுத்துப் பிடித்துக்கொண்டு ஊசியை விட்டு விட்டு எடுப்பதை ஒரு மணி நேரம் பார்த்தேன். ஜூன் கடைசியில் மறுபடி போனபோது, கூறு கட்டிய சங்கராவும் வஞ்சிரமும், ஐஸை நொறுக்கும் சத்தமும், அன்னக்கூடையோடு முண்டியடிக்கும் பெண்களுமாக அது வேறு ஊராக இருந்தது. இரண்டையும் பார்த்ததால்தான் கட்டுரை தேறியது.

மற்ற மாதங்களையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மார்கழியில் சபாக்களில் மத்தியானக் கச்சேரிகள் பலவற்றுக்கு இலவச அனுமதி, மியூசிக் அகாடமியில் காலையில் நடக்கும் விளக்க உரைகளும் அப்படியே. பாட்டு புரியாவிட்டால் கேன்டீனில் நின்று கேளுங்கள், பாடகரைப் பற்றிய உண்மையான விமர்சனம் கீரை வடைக்கு வரிசையில் நிற்கும் மாமாக்களிடம்தான் கிடைக்கும். ஜனவரியில் புத்தகக் காட்சி. பங்குனியில் மயிலாப்பூரில் அறுபத்து மூவர் திருவிழா, அன்றைக்கு மாட வீதிகளில் வீட்டுக்கு வீடு நீர்மோர் கொடுப்பார்கள், சாப்பாட்டுச் செலவே இல்லை. சென்னை தினமான ஆகஸ்ட் 22ஐ ஒட்டிய வாரத்தில் நிறைய மரபு நடைகள் நடக்கும், பல இலவசம்.

ஆனால் ஒன்றே ஒன்றுதான் போக முடியும் என்றால் ஜனவரியிலிருந்து மார்ச்சுக்குள் ஒரு ராத்திரி ஆமை நடைக்குப் போங்கள். 1988லிருந்து மாணவர்களே நடத்திவரும் ஓர் அமைப்பு, முட்டையிட வரும் பங்குனி ஆமைகளைத் தேடி நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை ஏறக்குறைய 7 கிலோமீட்டர் மணலில் நடக்கிறது. வார இறுதி ராத்திரிகளில் மற்றவர்களையும் கூட்டிப் போவார்கள். டார்ச் அடிக்கக் கூடாது, செருப்பைக் கழற்றிவிட்டால் நல்லது. ஆமை வராமலும் போகலாம். நான் போன ராத்திரி ஆமை வரவில்லை, அது வந்து போன தடம் மட்டும் இருந்தது, டிராக்டர் போன மாதிரி. ஒருவர் குச்சியால் மணலை மெல்லக் குத்திப் பார்த்துக்கொண்டே வந்தார். ஓர் இடத்தில் குச்சி சற்றே இளகி இறங்கியது, கையால் தோண்டினார், பிங்பாங் பந்து போல முட்டைகள். ஒவ்வொன்றாக எண்ணிப் பையில் போட்டு, குழியின் ஆழத்தைக் கையாலேயே அளந்துகொண்டார், பொரிப்பிடத்தில் அதே ஆழத்தில் புதைக்க வேண்டுமாம். விடிகிற நேரத்தில் பெசன்ட் நகர் வந்து சேர்ந்தோம், அன்று காலை வகுப்பில் நான் தூங்கியது தனிக் கதை.

பேச்சுக் கொடுப்பது

கையில் போனோடு போய் "உங்க வாழ்க்கையைப் பத்திச் சொல்லுங்க" என்று கேட்டால் யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள், சொன்னாலும் சினிமா வசனமாக இருக்கும். முதலில் ஏதாவது வாங்குங்கள். அப்புறம் அவர்கள் கையில் இருக்கும் பொருளைப் பற்றிக் கேளுங்கள். என்ன விலை, எங்கிருந்து வருகிறது, ஏன் இப்படி வெட்டுகிறீர்கள். வாழ்க்கை தானாக வெளியே வரும்.

பீச் ஸ்டேஷன் பக்கம் அத்தோ கடைகளில் இதைப் பழகலாம். பர்மாவிலிருந்து திரும்பி வந்த தமிழர்களுக்காக 1969ல் ஏற்படுத்தியதுதான் பர்மா பஜார், அவர்களோடு வந்த சாப்பாடு அத்தோ. நான் நின்ற கடையில் அண்ணன் ஆரஞ்சு நிற நூடுல்ஸை ஒரு கைப்பிடி அள்ளிப் போட்டார், மேலே நறுக்கிய முட்டைக்கோஸ், பொரித்த வெங்காயம், நொறுக்கிய தட்டை, மிளகாய்த் தூள், பூண்டு எண்ணெய், புளித் தண்ணீர். எல்லாவற்றையும் கையாலேயே பிசைந்து தட்டில் கொட்டி, பக்கத்தில் ஒரு கிண்ணம் வாழைத்தண்டு சூப்பை வைத்தார். "புளித்தண்ணி ஏன் கடைசியில ஊத்துறீங்கண்ணா?" என்று மட்டும்தான் கேட்டேன். "முன்னாடியே ஊத்துனா தட்டை நமுத்துடும். எங்க அப்பா அதுக்குத்தான் என்னைய முதல்ல அடிச்சாரு" என்றார். அங்கிருந்து பேச்சு ரங்கூன் வரை போய்விட்டது. மூன்று தட்டு சாப்பிட வேண்டியதாயிற்று, அதற்காக வருத்தமில்லை.

படம் எடுக்கும் முன்

இந்தப் பகுதியை மட்டும் தயவுசெய்து நிதானமாகப் படியுங்கள். எங்கள் மேன்ஷன் சந்து முனையில் காலையில் இட்லி போடும் ஓர் அக்கா. அவரைப் பற்றி உருகி உருகி எழுதி, ஆவி பறக்கும் குண்டானுக்குப் பின்னால் அவர் முகம் தெரியும் படம் ஒன்றையும் போட்டேன், தேதியோடு. ஏரியா பசங்க வாட்ஸ்அப் குரூப்பில் அது சுற்றியது, எனக்கு ஒரே பெருமை. இரண்டு நாள் கழித்து இட்லி வாங்கப் போனால் அக்கா தட்டைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார். "ஏன் கண்ணு, என்னை ஒரு வார்த்தை கேட்டியா?" விஷயம் என்னவென்றால் அந்த வாரம் அவரால் தண்டல், அதாவது தினமும் வசூலிக்கிற கடன், கட்ட முடியவில்லை. கடை போடவில்லை, ஊருக்குப் போய்விட்டேன் என்று தண்டல்காரரிடம் சொல்லியிருக்கிறார். என் படம் அந்தத் தண்டல்காரர் போனுக்கும் போய்ச் சேர்ந்திருக்கிறது. அடுப்பு, இட்லி, தேதி, எல்லாம் சாட்சி.

படத்தை எடுத்துவிட்டேன், மன்னிப்புக் கேட்டேன். என்ன பிரயோஜனம், நடந்தது நடந்ததுதான். ஒரு வாரம் அவர் எனக்கு இட்லி போட்டார், பேசவில்லை, சட்னி மட்டும் குறைவாக விழுந்தது. அதிலிருந்து மூன்று விஷயங்களை விடாமல் செய்கிறேன். முகம் தெரிகிற படம் என்றால் எடுப்பதற்கு முன்னால் ஒரு தடவை, வெளியிடுவதற்கு முன்னால் ஒரு தடவை கேட்பேன், ஏனென்றால் எடுக்கச் சம்மதிப்பதும் ஊர் பார்க்கச் சம்மதிப்பதும் ஒன்றல்ல. கடை இருக்கும் சந்தைத் துல்லியமாகச் சொல்ல மாட்டேன், கடைக்காரரே சொல்லச் சொன்னால் தவிர. நடைபாதைக் கடை என்றால் போலீஸ், மாநகராட்சி, வாடகை பற்றி அவர்கள் வாய்தவறிச் சொன்னதை எழுதவே மாட்டேன். முகத்தை விடக் கைகளைப் படம் எடுப்பது நல்லது, பெரும்பாலும் கைகளில்தான் விஷயம் இருக்கிறது. கோயில் கருவறை, ரயில் நிலையம் மாதிரி இடங்களில் கேமராவை எடுப்பதற்கு முன்னால் அங்கே இருப்பவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

வருடங்களைச் சரிபார்ப்பது

ஒவ்வோர் ஆகஸ்டிலும் சென்னைக்கு இத்தனை வயது என்று எல்லோரும் எழுதுகிறார்கள். 1639 ஆகஸ்ட் 22 என்பது கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கோட்டை கட்ட ஒரு துண்டு நிலம் கிடைத்த தேதி. கோட்டைக்கு வயது சொல்லுங்கள், தப்பில்லை. பார்த்தசாரதி கோயிலில் பல்லவ மன்னன் தந்திவர்மன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது, அவன் ஆண்டது அதற்கு 800 வருடங்களுக்கு முன்னால். மயிலாப்பூர்க்காரர் ஒருவரிடம் ஊருக்கு வயது நானூறுக்குள் என்று சொல்லிவிட்டுப் பாருங்கள், தப்பிப்பது கஷ்டம்.

ஆகவே வருடம் எழுதுவதற்கு முன்னால் இரண்டு இடத்தில் பாருங்கள். கட்டடத்திலேயே அடிக்கல் இருந்தால் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எழும்பூரில் 1896ல் திறந்த கன்னிமாரா நூலகமும், கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகமும் யார் வேண்டுமானாலும் போய் உட்கார்ந்து படிக்கக்கூடிய இடங்கள், பின்னதில் ஏசி வேறு, மே மாதத்தில் அதற்காகவே ஆராய்ச்சியாளர் ஆனவர்கள் உண்டு. பழைய தமிழ்ப் பத்திரிகை, துண்டுப் பிரசுரம் எல்லாம் வேண்டுமென்றால் தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். வாய்வழிக் கதை நன்றாக இருந்தால் அதையும் எழுதுங்கள், "என்று சொல்கிறார்கள்" என்ற சொல்லோடு.

வடசென்னை

வடசென்னைப் பக்கம் போய் எழுதுகிறவர்கள் எல்லோரும் ரவுடி, கானா பாட்டு, குத்துச்சண்டை என்ற மூன்றையே எழுதிவிட்டு வருகிறோம். நானும்தான். தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856ல் புறப்பட்டது ராயபுரத்திலிருந்து, அந்தத் தூண்கள் வைத்த நிலையம் இன்னும் நிற்கிறது. 2024ல் உலகக் கேரம் போட்டியில் மூன்று தங்கம் வென்ற காசிமா வண்ணாரப்பேட்டைப் பக்கத்துப் பெண். தெருமுனை கேரம் மன்றங்களில் ஒரு சாயங்காலம் நின்று பாருங்கள், ஸ்ட்ரைக்கர் போகிற வேகத்தில் உங்கள் முன்முடிவு எல்லாம் பாக்கெட்டில் விழுந்துவிடும். கானா பற்றி எழுதினால் முதலில் சாவு வீட்டில் பாடும் பாட்டைக் கேட்டுவிட்டு எழுதுங்கள், அங்கே யாரையும் படம் எடுக்காமல்.

எழுத உட்காரும்போது

அன்றைக்கு ராத்திரியே எழுதுங்கள். மறுநாள் வாசனை போய்விடும். நோட்டில் அழகாக எழுத வேண்டாம்: விலை, பெயர்ப் பலகையில் இருந்த எழுத்துப் பிழை, யாரோ சொன்ன ஒரு வாக்கியம் அப்படியே, இவ்வளவு போதும். "பரபரப்பான சாலை", "மனதை மயக்கும் மாலை", "நாவில் எச்சில் ஊறும்" இவற்றை எல்லாம் எழுதி முடித்த பிறகு தேடித் தேடி அடியுங்கள். அந்த இடத்தில் எது பரபரப்பாக இருந்தது என்று எழுதினால் போதும். தொடக்கத்தில் ஊர் வரலாறு மூன்று பத்தி வைக்கும் வியாதி எனக்கு இருந்தது, இப்போது முதல் பத்தியை எழுதி முடித்ததும் அழித்துவிடுகிறேன், பத்தில் எட்டுத் தடவை கட்டுரை இரண்டாவது பத்தியில்தான் தொடங்குகிறது. பிறகு அந்தத் தெருக்காரர் ஒருவரிடம் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள். நெளிவார், சிரிப்பார், "அது அப்படி இல்ல" என்பார். அந்த இடத்தைத் திருத்துங்கள்.

தேர்வு மாதத்தில் எழுதாதீர்கள், என் அரியர் அப்படி வந்ததுதான். ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தரையிலிருந்து ஒன்பது வரை போதும், அதற்கு மேல் வெயிலும் அடிக்கும். பையில் தண்ணீர், பத்து ரூபாய் நோட்டுகள் கொஞ்சம், பேனா இரண்டு. தெரியாத பகுதிக்கு இருட்டோடு போவதானால் ஜோடியாகப் போங்கள். காசிமேட்டுக்கு மட்டும் ரப்பர் செருப்பு போட்டுக்கொள்ளுங்கள், என் மூன்றாவது ஜோடி தோல் செருப்பு இன்னும் அறைக்கு வெளியேதான் இருக்கிறது, தேனிக்கார அண்ணன் உள்ளே விட மாட்டேன் என்கிறார்.